ஆமாம், தலைவர் பதவிக்கு நிற்கிறேன்

நேற்று மத்தியானம் செங்கோட்டை தபால் ஆபீஸில் வேட்புமனுவை ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் தாவரவியல் சங்கத்தின் தலைவர் பதவிக்கு. முன்மொழிந்தவர் புனலூரில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர். வழிமொழிந்தது என்னிடம் எம்.எஸ்சி. படித்து இப்போது கடையநல்லூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு பெண். செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று வேண்டுமென்றேதான் கேட்டு வாங்கினேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விஷயம் வாட்ஸ்அப்பில் போன ஒரு மணி நேரத்தில் போன் வர ஆரம்பித்துவிட்டது. வாழ்த்தியவர்களும் உண்டு. ஆனால் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டார்கள். "எதுக்கு மதினி இதெல்லாம், நிம்மதியா பென்ஷன வாங்கிக்கிட்டு இருக்கலாம்லா" என்றாள் என் வீட்டுக்காரரின் தங்கை. அண்ணன் கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்: "பதவி நம்மளத் தேடி வரணும்மா, நாம அதத் தேடிப் போகக் கூடாது." கல்லூரியில் எனக்கு மூத்தவராக இருந்த ஒரு பேராசிரியர், நான் ரொம்பவும் மதிப்பவர், மெதுவாகச் சொன்னார்: "கேட்டு வாங்குறது உங்களுக்கு அழகில்ல மேடம். இருங்க, அடுத்த தடவை அவங்களே கூப்பிடுவாங்க."

அடுத்த தடவை என்ற வார்த்தையை நான் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 60 வயதில் ஓய்வு பெற்றேன், அதற்கு முன்னாலும் கேட்டேன், பின்னாலும் கேட்டேன். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் நாலைந்து பேர் எங்கேயோ உட்கார்ந்து பேசுவார்கள், ஒரு பெயர் வரும், பொதுக்குழுவில் கைதட்டி முடித்துவிடுவார்கள். போட்டி என்று ஒன்று நடந்ததே இல்லை. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எல்லோரும், நானும் சேர்த்துத்தான், நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் பதவி தானாகத் தேடி வந்தது என்று நாம் சொல்லும்போது, அதை யாரோ நாலு பேர் பேசி அனுப்பிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம், பிறகு தலைவர் அந்த நாலு பேர் முகம் பார்த்துத்தான் நடப்பார். கேட்டு வாங்கினால் நிலைமை வேறு. இன்னின்னது செய்வேன், அதற்காக ஓட்டுப் போடுங்கள் என்று கேட்கிறேன், செய்யாவிட்டால் சந்தா கட்டிய எந்த உறுப்பினரும் என்னை நிறுத்திவைத்துக் கேட்கலாம். அந்த நிலையில் இருக்க நான் விரும்புகிறேன்.

சங்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இது பெரிய சங்கம் இல்லை. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிக்காரர்கள், வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற சிலர், இரண்டு மூன்று சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள், செடி என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் சில இளைஞர்கள். கேரளத்தில் பதிவான சங்கம், அதுவும் 1955-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ். திருவிதாங்கூர் போய் எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது, சட்டத்தின் பெயரில் இன்னும் இருக்கிறது. எங்கள் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதான். அன்றைக்குத் தாலுகாவின் கிழக்குப் பாதி மதராஸ் மாநிலத்துக்கு வந்தது, ஆரியங்காவும் தென்மலையும் அங்கேயே நின்றன. ஊருக்குக் கிழக்கே இருக்கும் பிரானூரை இன்னும் பார்டர் என்றுதான் சொல்கிறோம். இப்போது செக்போஸ்ட் இருப்பது மேற்கே புளியரையில், ஆனாலும் பழைய எல்லை அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே புரோட்டா சாப்பிட வரும் கொல்லத்துக்காரர்களுக்கும் அது பார்டர்தான்.

நான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தது 1991-இல், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்போது மீட்டர் கேஜ் வண்டி. பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், வெளியே வந்தால் ஆரியங்காவில் மழை கொட்டும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பாறையில் கசியும் தண்ணீரையும் அதில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்களையும் பார்த்துக்கொண்டே போவேன். காசித்தும்பை. வீட்டு முற்றத்தில் வளர்ப்போமே, காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறுமே, அதன் காட்டுச் சொந்தங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூறுக்கும் மேல் இனங்கள். பல இனங்கள் ஒரே ஒரு மலையில், சில ஒரே ஒரு ஓடைக் கரையில் மட்டும் இருப்பவை. என் ஆராய்ச்சி முழுவதும் அதில்தான் போனது.

சரி, நான் நிற்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். அது ஒரு பீரோவில் இருந்து தொடங்குகிறது.

சங்கத்துக்கு ஒரு உலர்தாவரச் சேகரிப்பு உண்டு, நாங்கள் ஹெர்பேரியம் என்றே சொல்வோம். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, தினமும் தாள் மாற்றிக் காயவைத்து, கெட்டியான வெள்ளைத் தாளில் ஒட்டி, கீழே வலது மூலையில் லேபிள். எங்கே, எந்த நாள், எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், பக்கத்தில் என்ன செடி இருந்தது, யார் எடுத்தது, அவருடைய எண் என்ன. அவ்வளவுதான். இது ஒழுங்காக இருந்தால் இருநூறு வருஷம் கழித்தும் ஒருவர் எடுத்துப் பார்த்து, இந்தச் செடி இந்த நாளில் இந்த இடத்தில் இருந்தது என்று சொல்ல முடியும். மழை தள்ளிப்போகிறதா, பூக்கும் மாதம் மாறியிருக்கிறதா, ஓடை வற்றியதில் எது காணாமல் போனது, எல்லாவற்றுக்கும் சாட்சி அந்தத் தாள்தான். சங்கத்தைத் தொடங்கியவர்கள் பஸ்ஸிலும் நடந்தும் போய்ச் சேர்த்தவை அவை. அவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளமே ஒழுங்காக வராத காலம்.

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு கல்லூரி பழைய கட்டடத்தில் ஓர் அறை கொடுத்திருந்தது, ஐந்து இரும்பு பீரோ அங்கே இருந்தன. பிறகு அந்தக் கட்டடத்தை இடிக்க வேண்டி வந்தது. கல்லூரி மேல் எனக்குக் குறையில்லை, ஆறு மாதம் முன்னாலேயே கடிதம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் செயற்குழு மூன்று தடவை கூடியது. மூன்று தடவையும் எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்கவில்லை. அப்போது தலைவராக இருந்தவர் தொலைவில் ஒரு பெரிய ஊரில் பெரிய பொறுப்பில் இருந்தவர், வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டு விழாவுக்கு வந்து பேசிவிட்டுப் போவார், நல்ல பேச்சாளர். அவர் வரும்போது முடிவு செய்துகொள்ளலாம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அவர் அந்த வருஷம் வரவில்லை. கடைசியில் ஆட்கள் வந்து பீரோக்களைக் காலி செய்து, தாள்களை அட்டைப் பெட்டிகளில் போட்டு வராந்தாவில் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மாதம்.

எனக்குப் போன் வந்தபோது நாலு நாள் மழை பெய்து முடிந்திருந்தது. இரண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் தூக்கினால் அடி பிய்ந்து கையோடு வந்தது. ஒரு மினி லாரி பிடித்து எல்லாவற்றையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பதினோரு நாள், கூடத்திலும் மாடியிலும் படுக்கையறையிலும் தாள் தாளாகப் பிரித்துப் போட்டு, டேபிள் ஃபேன் ஓடவிட்டு, செய்தித்தாள் மாற்றி மாற்றி வைத்தோம். பழைய தாள்களுக்கு அந்தக் காலத்தில் பூச்சி வராமல் இருக்கப் பாதரசக் குளோரைடு தடவுவார்கள், விஷம், அதனால் கையுறை இல்லாமல் தொட முடியாது, வீட்டில் சின்னக் குழந்தை வேறு இருந்தது, அக்கா மகளின் பிள்ளை, அவனை அவர்கள் வீட்டுக்கே அனுப்பிவைத்துவிட்டோம். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பூஞ்சை பிடித்தது கொஞ்சம், கரைந்தது கொஞ்சம். இன்னும் கொஞ்சத்தில் புகையிலை வண்டு ஏறியிருந்தது, பிரித்தால் பொடிதான்.

அதில் ஒரு தாளை மட்டும் நான் இன்னும் வைத்திருக்கிறேன். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் 1970-களில் ஆரியங்காவுக்குக் கீழே பழைய சாலையோரப் பாறையில் எடுத்த காசித்தும்பை. அழகான சாய்ந்த கையெழுத்தில் லேபிள் முழுசாக இருக்கிறது: பூவின் நிறம், பாறையில் தண்ணீர் எவ்வளவு கசிந்தது, எத்தனை செடி பார்த்தார், எல்லாம். மேலே செடி இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பழுப்பு நிறக் கறை மட்டும். அந்தப் பாறையும் இப்போது இல்லை, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. அவர் எடுத்தது எந்த இனம் என்று எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் காலமாகி வெகு நாளாகிறது. அவருடைய மகளைத் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, அப்பா சேர்த்ததெல்லாம் பத்திரமா இருக்கா டீச்சர் என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பொய் இன்னும் என்னை உறுத்துகிறது.

மிச்சம் இருப்பவை இப்போது மூன்று வீடுகளில் இருக்கின்றன. என் வீட்டு மாடியில் ஒரு பங்கு. மூன்று வீட்டிலும் இருப்பவர்கள் அறுபது தாண்டியவர்கள். எங்களுக்குப் பிறகு? பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள், வீட்டை விற்கும்போது இந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இதை ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுந்து சொல்லியிருக்கிறேன். நல்ல யோசனை, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம் என்று குறித்துக்கொள்வார்கள். தலைவர் என்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர் எழுதினால்தான் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியமோ, பாலோட்டில் இருக்கும் தாவரப் பூங்கா ஆராய்ச்சி நிறுவனமோ நகல் தாள்களைப் பெற்றுக்கொள்வது பற்றிப் பேசவாவது முடியும். உறுப்பினர் என்ற முறையில் நான் எழுதினால், உங்கள் சங்கத்தில் இருந்து முறைப்படி எழுதச் சொல்லுங்கள் என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். இதைவிட வெளிப்படையாகச் சொல்லத் தெரியவில்லை.

இனி அந்தக் கணவாய் விஷயம்.

செங்கோட்டைக் கணவாய், ஆரியங்காவுக் கணவாய் என்றும் சொல்வார்கள், பாலக்காட்டுக் கணவாயோடு ஒப்பிட்டால் குறுகலானது. அது 30, 40 கிலோமீட்டர் அகலம், இது 7, 8 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சின்ன இடைவெளி எத்தனையோ உயிர்களுக்குத் தாண்ட முடியாத இடம். வடக்கே பெரியாறு, ஏலமலை. தெற்கே அகத்தியமலை. உச்சிச் சோலைகளில் வாழும் உயிர் கீழே இறங்கி, வெப்பமான தாழ்வைத் தாண்டி மறுபடியும் ஏறுவதில்லை. அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்து, பல லட்சம் வருஷங்களில் வேறு வேறு இனமாகிவிடுகின்றன. 2017-இல் ஒரு குருவியை இப்படித்தான் தனி இனம் என்று விவரித்தார்கள். அகத்தியமலையின் இன்னொரு பெயர் அசம்பு மலை, அதை வைத்து ஷோலிகோலா அசம்புயென்சிஸ் என்று பெயர். ஆங்கிலத்திலேயே அதை ஷோலகிளி என்று எழுதுகிறார்கள், சோலைக்கிளி, நம்மூர் வார்த்தை. தவளைகளிலும் இந்தக் கணவாயை ஒட்டிய பிரிவு தெரிகிறது. காசித்தும்பையில் இந்தக் கதையை யாராவது முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே வருஷத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் சேகரிக்க வேண்டும்.

அதைத்தான் நாங்கள் செய்யவில்லை. மேலே மலை பிரிந்திருப்பதைப் போலவே கீழே சங்கமும் பிரிந்து கிடக்கிறது. அந்தப் பக்க உறுப்பினர்கள் செந்துருணியிலும் பாலருவியிலும் நடக்கிறார்கள், நாங்கள் குற்றாலத்துக்கு மேலேயும் களக்காடு, முண்டந்துறைப் பக்கமும் நடக்கிறோம். அனுமதி ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அவர்கள் எடுத்த குறிப்பு மலையாளத்தில் அவர்கள் நோட்டில், எங்களுடையது தமிழில் எங்கள் நோட்டில். செந்துருணி சரணாலயத்துக்கே அங்கே வளரும் ஒரு மரத்தின் பெயர்தான், செங்குறிஞ்ஞி, மாமரக் குடும்பம், அகத்தியமலைப் பக்கத்துக்கே உரியது. அது இந்தச் சரிவில் எங்கெங்கே இருக்கிறது, எப்போது பூக்கிறது என்று இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவராவது பார்த்திருப்பார்களா என்றால், இல்லை. 2018-இல் அகலப் பாதை வந்து புனலூருக்கு மறுபடியும் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு போக்குவரத்துக் கஷ்டம் என்ற சாக்கும் போய்விட்டது. பாலருவி எக்ஸ்பிரஸ் என்று ரயிலுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் வந்தால் ஆடி மாதம் ஒரு வாரம் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நடை. தலைவர் முன்னால் நடப்பார். எனக்கு முழங்கால் வலி உண்டு, அது வேறு விஷயம், மெதுவாக நடப்பேன்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்குக் காசித்தும்பைக்காரர் ஒருவரைச் சொல்ல ஆசை. ஜோசப் டால்டன் ஹூக்கர். டார்வினின் நண்பர், லண்டனில் இருக்கும் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநர், ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு 1873-இல் இருந்து 1878 வரை தலைவராக இருந்தவர். 1885-இல் கியூவில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் இந்தியத் தாவரங்களைப் பற்றிய ஏழு பெரிய தொகுதிகளை முடித்தார், 1897-இல். அதோடு நிற்கவில்லை. கடைசி வருஷங்களில் காசித்தும்பையை எடுத்துக்கொண்டார், தாவரவியலில் ரொம்பத் தொல்லை பிடித்த கூட்டங்களில் ஒன்று அது. பூவிதழ் அவ்வளவு மெல்லியது, அழுத்திக் காயவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி வடிவமே போய்விடும். வெந்நீரில் ஊறவைத்து உருப்பெருக்கியின் கீழே ஊசியால் இதழ் இதழாகப் பிரிக்க வேண்டும், ஒரு பூவுக்கு அரை நாள் போகும். 1911 டிசம்பரில் இறக்கும்போது வயது 94. அது வரைக்கும் அந்த வேலையில்தான் இருந்தார்.

நம் பக்கத்திலேயே ஜானகி அம்மாள் இருக்கிறார். தலச்சேரியில் 1897-இல் பிறந்தவர், சென்னையில் படித்தவர், கோயம்புத்தூர்க் கரும்பு இன விருத்தி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். நேரு அழைத்ததால் இங்கிலாந்தில் இருந்து திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு மதுரவாயலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டே இருந்தார், எண்பதை ஒட்டிய வயதில், அணை கட்ட இருந்த சைலன்ட் வேலிக் காட்டுக்காகக் குரல் கொடுத்தார், 1984-இல் காலமானார். எம்.எஸ்சி. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் அவரைப் பற்றித்தான் பேசுவேன். பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வகுப்பை முப்பது வருஷத்துக்கும் மேல் எடுத்துவிட்டு, நானே பின் வரிசையில் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை.

பெண் என்பதால் கேட்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்கள் சங்கத்தில் இதுவரை ஒரு பெண் தலைவராக இருந்ததில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. செடி, விலங்கு ஆராய்ச்சிக்காரர்களின் லண்டன் லினேயன் சொசைட்டி 1788-இல் தொடங்கியது, முதல் பெண் தலைவர் ஐரீன் மேன்டன் வந்தது 1973-இல், 185 வருஷம். நம் இந்திய தேசிய அறிவியல் கழகம் 1935-இல் தொடங்கியது, 2020-இல்தான் சந்திரிமா சாகா முதல் பெண் தலைவரானார், அவரும் உயிரியலாளர்தான். இத்தனை வருஷமும் தகுதியான பெண்கள் இல்லாமல் இருந்திருப்பார்களா என்ன? கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைப் பற்றிப் பேசினால் சில பேருக்குப் பிடிக்காது. எங்கள் லேபிள்களில் எடுத்தவர் பெயர் இருக்கும், காட்டிக்கொடுத்தவர் பெயர் இருக்காது. அகத்தியமலையில், அங்கே வாழும் பழங்குடிகளான காணிக்காரர்கள் துணைக்கு வராமல் நாங்கள் யாரும் ஒரு அடி நடந்ததில்லை. எந்த ஓடை எப்போது பெருகும், எந்தப் பாறையில் எந்த மாதம் என்ன பூக்கும் என்று சொன்னவர்கள் அவர்கள். 1987-இல் விஞ்ஞானிகளோடு மலை ஏறிய காணிகள் களைப்பே இல்லாமல் நடந்ததும், அவர்கள் சாப்பிட்ட பழத்தை இவர்களுக்கும் கொடுத்ததும், அதில் இருந்து ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளி உலகுக்குத் தெரிய வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மருந்தாகச் செய்ய 10 லட்ச ரூபாய் உரிமத் தொகையும் 2 சதவீத ராயல்டியும் பேசி, அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் வந்தது. அந்த ஏற்பாட்டில் குறைகளும் சண்டைகளும் இருந்தன, ஆனாலும் பங்கு அவர்களுக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். நம் சங்கத்தில் பணம் எதுவும் புழங்கவில்லை, பெயர் போடுவதற்கு என்ன தடை? இனி வரும் ஒவ்வொரு லேபிளிலும் வழிகாட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரும், அவர்கள் அந்தச் செடிக்குச் சொல்லும் பெயரும் இருக்க வேண்டும். என் சொந்தத் தாள்களில் பழைய நாட்குறிப்பைப் பார்த்து இதைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன், பென்சிலில், எப்போது சேர்த்தேன் என்ற தேதியோடு. பாதிப் பெயர்கள் என் குறிப்பிலேயே இல்லை என்பதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

அப்புறம், இரண்டு வருஷம்தான். ஒரே ஒரு தடவை. மறுபடியும் நிற்க மாட்டேன் என்று வேட்புமனுவோடு தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், விதிமுறைப்படி அது செல்லாது என்று செயலாளர் சொன்னார், செல்லாவிட்டாலும் கோப்பில் இருக்கட்டும். முப்பது வயதில் இருக்கிற யாராவது ஒருவரை முதல் நாளில் இருந்தே கூட வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கில் இருந்து வனத்துறை அனுமதி வரைக்கும் பழக்கிவிட்டுத்தான் இறங்குவேன். கேரளத்தில் பழைய பென்ஷன் திட்டத்தில் இருக்கும் அரசு ஊழியர்கள் 56 வயதில் ஓய்வு பெறுகிறார்கள், நம் பக்கம் 60. இப்படி ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் அலுவலக வேலையை நாங்கள் பார்க்கலாம், தாள் தாளாகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவதை நாங்கள் செய்யலாம், மலை ஏறுவதையும் கட்டுரை எழுதுவதையும் பிள்ளைகள் செய்யட்டும்.

எதிர்த்து நிற்பவர் நல்ல மனிதர். என்னைவிடக் களத்தில் அனுபவம் உள்ளவர், மரங்களைப் பட்டையைப் பார்த்தே சொல்வார். அவர் ஜெயித்தால் என் வீட்டு மாடியில் இருக்கும் தாள்களோடு அவர் முன்னால் முதல் ஆளாகப் போய் நிற்பேன், இதை அவரிடமே போனில் சொல்லிவிட்டேன். சிரித்தார், கட்டாயம் வாங்க மேடம் என்றார்.

ஓட்டுக் கேட்டு முதன்முதலில் போன் செய்ததைச் சொல்ல வேண்டும். கொல்லத்தில் இருக்கும் ஒரு மூத்த உறுப்பினர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அடித்து, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். சார், நான் நிற்கிறேன், எனக்கு ஓட்டுப் போடுங்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "டீச்சர் நேரிட்டு சோதிச்சல்லோ, அது நன்னாயி." நேராகவே கேட்டுவிட்டீர்களே, அது நல்லது என்கிறார். மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழும். இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தோடு பழகியும், கேட்பதும் சோதிப்பதும் ஒரே வார்த்தையாக இருப்பதை அன்றைக்குத்தான் நின்று கவனித்தேன். ஓட்டுப் போடுவேன் என்று அவர் சொல்லவில்லை. தாள்களை எங்கே வைக்கப் போகிறாய், எவ்வளவு செலவாகும், யார் கொடுப்பார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. இரண்டு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் சார் என்றேன், மறுநாள் விசாரித்து, மரப் பீரோவுக்கும் இரும்பு பீரோவுக்கும் புனலூரிலும் தென்காசியிலும் விலை வாங்கி அவருக்கு அனுப்பினேன். இதுவரை எந்தத் தலைவரிடமும் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. யாரும் ஓட்டுக் கேட்காததால் கேள்வி கேட்கும் சந்தர்ப்பமும் யாருக்கும் வரவில்லை.

உறுப்பினர்களுக்கு இரண்டு தகவல். இந்த வருஷச் சந்தா கட்டாதவர்களுக்கு ஓட்டு இல்லை, மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள், எனக்குப் போடுவதாக இல்லாவிட்டாலும் கட்டுங்கள். அடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு மாடியில் இரண்டாவது பெட்டியைப் பிரிக்கிறோம். தேர்தலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. கையுறை நான் வாங்கி வைத்திருக்கிறேன். வருபவர்கள் பழைய செய்தித்தாள் இருந்தால் கொண்டுவாருங்கள். வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது.